வெளியே சொல்லப்படாத ஒரு வளர்ச்சிக் குறை

மார்பகச் சீரமைப்பு அறுவை சிகிச்சை பற்றி நம் ஆதரவாளர்களுக்கு ஒரு விளக்கம்



இந்த இதழில் நாங்கள் எழுதப்போகும் விஷயம் சபைகளில் சத்தமாகப் பேசப்படுவதில்லை. கண்புரை ஆபரேஷன் என்றாலோ, உதட்டுப் பிளவு என்றாலோ, பிரசவ வார்டு என்றாலோ யாரும் கூச்சமில்லாமல் விசாரிப்பார்கள், மனதார உதவுவார்கள். மார்பகம் என்றவுடன் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். புற்றுநோய் என்று எழுதியிருந்தால் மட்டும் சற்று நின்று வாசிக்கிறோம். ஆனால் புற்றுநோயும் இல்லாமல், கட்டியும் இல்லாமல், வளரும்போதே வடிவம் பிசகிப்போன மார்பகத்தோடு வாழும் வாலிபப் பெண்கள் நம் நடுவில் இருக்கிறார்கள். இவர்களுக்குச் செய்யப்படும் அறுவை சிகிச்சைக்குத் தருமப் பணத்தைச் செலவிடலாமா, இது அழகுக்காகச் செய்யும் வேலை அல்லவா என்று கேட்பது நியாயமே. அதற்கு நேராகப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறோம். பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டங்களில் இதை வாசித்தால் நல்லது. வயதுக்கு வந்த மகள் உள்ள தகப்பன்மாரும் வாசிக்கலாம். வெட்கப்பட வேண்டியது இதில் ஒன்றும் இல்லை.

இது என்ன குறை?

பெண் குழந்தை பிறக்கும்போதே மார்பகம் ஒரு சிறு மொட்டாக இருக்கிறது. பூப்படையும் பருவத்தில்தான் அது வளரத் தொடங்குகிறது. சாதாரணமாக அது நாலா பக்கமும் பரவி, நெஞ்சின் மேல் அகலமாக அடித்தளம் பிடித்து, கீழ்ப்பாகம் நிறைந்து வளரும். சிலருக்கு இப்படிப் பரவ முடிவதில்லை. காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்தில், தோலுக்கு அடியில், நார் போன்ற இறுக்கமான ஒரு வளையம் இருந்து தடுக்கிறது. மார்பகச் சுரப்பியை ஒரு மெல்லிய சவ்வு உறைபோல மூடியிருக்கிறது. கருவட்டத்துக்குப் பின்னால் மட்டும் அந்த உறை பலமாக இல்லை. பக்கவாட்டில் போக வழியில்லாத திசு அந்த இடம் வழியாக முன்னால் பிதுங்குகிறது. அதனால் அடிப்பாகம் குறுகலாகவும், கீழ்ப்பாகம் வெறுமையாகவும், கருவட்டம் மட்டும் அளவுக்கு மீறி விரிந்தும் காணப்படும். பெரும்பாலும் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருக்கும்.

பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும். எலாஸ்டிக்கைச் சரியான அளவுக்கு மேல் இறுக்கித் தைத்துவிட்டால் துணி அந்த இடத்தில் விரியாது. மீதித் துணி முன்னால் உப்பி நிற்கும். துணியில் குற்றமில்லை, இறுக்கித் தைத்த இடத்தில்தான் குற்றம். இங்கேயும் அப்படித்தான்.

மருத்துவர்கள் இதை ‘டியூபரஸ் பிரெஸ்ட்’ என்கிறார்கள். கிழங்கு வடிவ மார்பகம் என்று பொருள். கேட்பதற்கு நன்றாயில்லாத பெயர். இந்தப் பெயரை உச்சரிக்காமலே ஒரு பெண்ணுக்கு அவளுடைய நிலையை விளக்கிவிட முடியும். அப்படித்தான் விளக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஏற்கெனவே வேதனையோடு வருகிறவள் கையில் இப்படி ஒரு பெயரையும் கொடுத்து அனுப்ப வேண்டியதில்லை.

மருத்துவ நூல்களில் இதை முதன்முதலாக விவரித்தவர்கள் நியூயார்க் நகரத்து அறுவை மருத்துவர்கள் தாமஸ் ரீஸ், ஷெரல் ஆஸ்டன் என்ற இருவர். ஆண்டு 1976. இவர்களில் தாமஸ் ரீஸைப் பற்றி நம் வாசகர்களுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். பணக்காரர்களுக்கு முக அழகு ஆபரேஷன் செய்து பெயர் பெற்றவர் அவர். அதே மனிதர் 1957-ல் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ, மைக்கேல் வுட் என்ற இரண்டு மருத்துவர்களோடு சேர்ந்து கிழக்கு ஆப்பிரிக்காவில் ‘பறக்கும் மருத்துவர்கள்’ சேவையைத் தொடங்கினார். சாலையில்லாத ஊர்களுக்குச் சிறு விமானத்தில் மருத்துவர்களைக் கொண்டுபோன அந்தச் சேவை, பின்னாளில் ‘ஆம்ரெஃப்’ என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. அழகு சிகிச்சையும் ஏழைகளுக்கான சிகிச்சையும் இரண்டு வேறு உலகங்கள் என்று நாம் நினைக்கிறோம். அவருக்கு இரண்டும் ஒரே தொழிலாகத்தான் இருந்தன.

1999-ல் பிரான்ஸ் நாட்டு மருத்துவர் குரோலோவும் அவரோடு வேலை செய்தவர்களும் இந்தக் குறையை மூன்று வகையாகப் பிரித்தார்கள். மார்பகத்தை நான்கு கால்பாகங்களாகப் பிரித்துப் பார்த்தால், முதல் வகையில் உட்புறக் கீழ்க் கால்பாகம் மட்டும் வளரவில்லை. இரண்டாம் வகையில் கீழ்ப்பகுதியின் இரண்டு கால்பாகங்களும் வளரவில்லை. மூன்றாம் வகையில் நான்குமே குறைவு. முதல் வகை உள்ள பல பெண்களுக்குத் தங்களுக்கு ஒரு குறை இருப்பதே தெரியாது. அவர்களுக்குச் சிகிச்சையும் தேவையில்லை.

தாய்மார் முதலில் கேட்பது, “ஏனுங்க சிஸ்டர், இது கட்டியா இருக்குமுங்களா?” என்பதுதான். இல்லை. இது புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் அல்ல. இறுக்கமான பாடி போட்டதால் வந்ததல்ல. கவிழ்ந்து படுத்ததால் வந்ததல்ல. தாய் கர்ப்பமாயிருந்தபோது கிரகணத்தில் வெளியே வந்ததால் வந்ததும் அல்ல. யாருடைய பாவத்துக்கும் தண்டனையும் அல்ல. எண்ணெய், கிரீம், லேகியம், மாத்திரை எதனாலும் இது சரியாகாது. மார்பக வளர்ச்சிக்கு மருந்து என்று செய்யப்படும் விளம்பரங்கள் நீங்கள் அறிந்தவை. அவற்றை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் யாரிடமும் கேட்க முடியாத பெண்கள். ஏமாந்தாலும் வெளியே சொல்ல மாட்டார்கள் என்று தெரிந்துதான் அவற்றை விற்கிறார்கள்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய வேறு இரண்டு காரியங்கள் உண்டு. இவை டியூபரஸ் மார்பகம் அல்ல. ஆனால் விளைவு கிட்டத்தட்ட அதேபோல் இருக்கும். ஒன்று, சிறு வயதில் கொதிக்கும் தண்ணீரோ அடுப்புத் தீயோ பட்டு நெஞ்சு வெந்துபோன பெண் குழந்தை. காயம் ஆறிவிடும், ஆனால் தழும்புத் தோல் விரியாது. பூப்படையும் பருவத்தில் அடியில் மார்பகம் வளரப் பார்க்கும், மேலே தோல் இடம் கொடுக்காது. அந்த நேரத்தில் தழும்பை விடுவித்துத் தோல் ஒட்டினால் மார்பகம் வளர வழி கிடைக்கும். இரண்டாவது, நம் ஊர்களில் இன்னும் மறையாத ஒரு வழக்கம். பிறந்த குழந்தையின் மார்பு சில நாள் வீங்கியிருக்கும், சொட்டுப் பாலும் வரலாம். தாயின் ஹார்மோன் குழந்தையின் உடம்பில் மிஞ்சியிருப்பதால் வருவது அது, தானாகவே வற்றிவிடும். வீட்டுப் பெரியவர்கள் அதைப் பிதுக்கி எடுத்துவிட வேண்டும் என்பார்கள். பிதுக்கினால் கிருமி நுழைந்து சீழ்க்கட்டி வரும். கட்டியைக் கீற வேண்டிவரும். உள்ளே இருக்கும் மொட்டு அழிந்துபோகும். அந்த அழிவு பன்னிரண்டு, பதின்மூன்று வருஷம் கழித்துத்தான் வெளியே தெரியும். பிறந்த குழந்தையின் மார்பைத் தயவுசெய்து யாரும் பிதுக்க வேண்டாம். இந்தக் கட்டுரையில் ஒரு வரியை மட்டும் மற்றவர்களுக்குச் சொல்வதானால் இதைச் சொல்லுங்கள்.

பனியன் ஊரில்

திருப்பூர், அவிநாசி, பல்லடம் சுற்றுவட்டாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் உடுத்தியிருக்கும் பனியனே பெரும்பாலும் இங்கேயிருந்து வந்ததாக இருக்கும். தேனி, திண்டுக்கல், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்தும், இப்போது ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்தும் வாலிபப் பெண்கள் இங்கே வந்து டைலராகவும் செக்கிங்கிலும் கைமடிக்கிற வேலையிலும் பேக்கிங்கிலும் இருக்கிறார்கள். சீசன் நேரத்தில் ஒன்றரை ஷிப்ட் சாதாரணம். தங்குவது கம்பெனி விடுதியிலோ, நாலைந்து பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த ஒற்றை அறையிலோ. வரிசையில் நின்று குளிக்க வேண்டும், ஒரே அறையில் துணி மாற்ற வேண்டும்.

தன் உடம்பைப் பற்றி வெட்கப்படும் பெண்ணுக்கு இந்த வாழ்க்கை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எல்லாரும் எழுமுன் விடியற்காலையில் குளித்துவிட வேண்டும். சுடிதாருக்குள் இரண்டு உள்ளாடை, மேலே துப்பட்டாவை நன்றாக இழுத்துப் போட வேண்டும், கோடையிலும் அப்படியே. ஒரு பக்கம் துணியை மடித்து வைத்திருந்தால் குனிந்து பண்டல் எடுக்கும்போது அது நழுவிவிடுமோ என்ற பயம். இந்த ஊரில் உள்ளாடை தைக்கிற கம்பெனிகளும் உண்டு. நாள் முழுதும் ஒரே அளவான இரண்டு கப்புகளை ஜோடி சேர்த்துத் தைக்கிற பெண்ணுக்கே கடையில் தனக்குப் பொருந்தும் ஒரு பாடி கிடைக்காது.

கல்யாணப் பேச்சு வரும்போது வெட்கம் பயமாக மாறுகிறது. முன்பு பஞ்சாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற ஒன்று இருந்ததையும், மூன்று வருஷ வேலைக்குப் பிறகு கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொல்லிப் பெண்களைச் சேர்த்ததையும், அதிலிருந்த அநியாயங்களையும் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். திட்டத்தின் பெயர் எதுவானாலும், இங்கே வேலைக்கு வரும் பெண்களில் பலருக்கு உழைப்பின் முடிவு கல்யாணம்தான். அந்த நாள் வரும்போது கணவன் பார்த்து என்ன சொல்வானோ, மாமியாருக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ என்று வரன்களைத் தட்டிக்கழிக்கிற பெண் உண்டு. காரணத்தைப் பெற்ற தாயிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டாள். வீட்டில் அவளுக்குப் பிடிவாதக்காரி என்று பெயர்.

பால் குறைவு என்ற பழி

கல்யாணமாகிக் குழந்தை பிறந்தபின் வேறொரு சிரமம் வரலாம். இந்தக் குறை உள்ளவர்களில் சிலருக்குப் பால் சுரக்கும் திசுவே போதுமான அளவு வளர்ந்திருக்காது. எல்லாருக்கும் அப்படி இல்லை. வடிவம் எப்படியிருந்தாலும் குறைவில்லாமல் பால் கொடுக்கும் தாய்மார் உண்டு. ஆனால் கர்ப்ப காலத்தில் மார்பகம் கொஞ்சமும் பெரிதாகவில்லை, இரண்டு மார்பகங்களுக்கும் நடுவே இடைவெளி மிகவும் அகலம், ஒரு பக்கத்துக்கும் மறு பக்கத்துக்கும் வித்தியாசம் அதிகம் என்றால், மருத்துவரும் கிராமச் செவிலியரும் முன்கூட்டியே கவனமாக இருக்க வேண்டும்.

இதை நாங்கள் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தாய்ப்பாலே சிறந்தது என்று எல்லாரும் போதிக்கிறோம், அது சரிதான். ஆனால் போதுமான சுரப்பித் திசு இல்லாத தாயிடம் “நீ ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை”, “உனக்கு மனசில்லை” என்று பழி சொல்லிக்கொண்டே இருந்தால், அந்தப் பக்கம் தாய் ஒடிந்துபோவாள், இந்தப் பக்கம் குழந்தை எடை இழக்கும். அடிக்கடி பால் கொடுக்கச் சொல்லி, குழந்தை சரியாகப் பற்றுகிறதா என்று பார்த்து, முதல் வாரங்களில் குழந்தையை எடைபோட்டு, தேவையானால் மருத்துவர் சொல்கிறபடி மேற்பால் சேர்க்க வேண்டும். வருகிற பால் கொஞ்சமானாலும் அதையும் விடாமல் கொடுக்கலாம். அறுவை சிகிச்சையால் பால் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். கருவட்டத்தைச் சுற்றிக் கீறுவதால் பால் நாளங்களில் சில அறுபட்டு இன்னும் குறையவும் கூடும். இனிமேல் குழந்தை பெற இருக்கும் பெண்ணிடம் இதை மறைக்காமல் சொல்லி, அவள் விளங்கிக்கொண்டாள் என்று தெரிந்த பிறகுதான் தேதி குறிக்க வேண்டும்.

ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள்?

‘பிளாஸ்டிக் சர்ஜரி’ என்றால் உடம்புக்குள் பிளாஸ்டிக் வைத்துவிடுவார்களோ என்று கேட்கிறவர்கள் உண்டு. அந்தச் சொல் கிரேக்க மொழியில் ‘உருவாக்குதல், வனைதல்’ என்ற பொருளில் வருவது. குயவன் மண்ணை வனைவதுபோல. பிளாஸ்டிக் வாளி கண்டுபிடிப்பதற்கு வெகுகாலம் முன்பே அந்தச் சொல் இருந்தது.

வளர்ச்சி நின்றபிறகுதான் இந்த ஆபரேஷன் செய்ய வேண்டும். பொதுவாக 18 வயது ஆகட்டும் என்று மருத்துவர்கள் காத்திருப்பார்கள். இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் மிக அதிகமாயிருந்தால் சற்று முன்னதாக யோசிப்பதும் உண்டு. முதலில் வேறு காரணம் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். உதாரணமாக, ‘போலந்து’ என்ற ஒரு நிலையில் ஒரு பக்க நெஞ்சுத் தசையே பிறவியில் இருக்காது. அதற்குச் சிகிச்சை வேறு.

முழு மயக்கம் கொடுத்து, கருவட்டத்தின் ஓரத்தைச் சுற்றிக் கீறுகிறார்கள். அந்த ஓரத்தில் தோலின் நிறம் மாறுவதால் தழும்பு பிற்பாடு அதிகம் தெரியாது. பின்பு சுரப்பியைத் தோலிலிருந்தும் அடியில் உள்ள தசையிலிருந்தும் பிரித்து, நாம் முன்பு சொன்ன இறுக்கமான வளையத்தை அறுத்து விடுவிக்கிறார்கள். இதுதான் ஆபரேஷனின் உயிர்நாடி. அதைச் செய்யாமல் வெறுமனே உள்ளே எதையாவது வைத்துப் பெரிதாக்கினால் குறை இன்னும் எடுப்பாகத் தெரியும். அதன்பின் சுரப்பியின் உட்புறத்தில் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் கீறிவிட்டு, அது விசிறிபோல் விரிந்து வெறுமையான கீழ்ப்பாகத்தை நிரப்பும்படி அமைக்கிறார்கள். மேலே ஏறியிருக்கும் மார்பின் அடி மடிப்பைக் கீழே இறக்குகிறார்கள். விரிந்துபோன கருவட்டத்தைச் சுருக்கித் தைக்கிறார்கள். இரண்டு அல்லது மூன்று மணி நேர வேலை.

உள்ள திசுவே போதும் என்றால் இதோடு முடிந்தது. போதாவிட்டால் இரண்டு வழிகள். ஒன்று, அவளுடைய வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ கொழுப்பை உறிஞ்சி எடுத்து, சுத்தப்படுத்தி, ஊசி மூலம் மார்பில் செலுத்துவது. செலுத்திய கொழுப்பில் ஒரு பங்கு கரைந்துபோகும். ஆகவே சில மாத இடைவெளியில் இரண்டு, மூன்று தடவை செய்ய வேண்டிவரலாம். மற்றது சிலிக்கான் பை. தோல் மிகவும் இறுக்கமாக இருந்தால், முதலில் ஒரு பலூனை வைத்து வாரக்கணக்கில் உப்புநீர் ஏற்றித் தோலை விரியச் செய்து, பிறகு நிரந்தரப் பை வைப்பதும் உண்டு.

எங்கள் எண்ணத்தில், கூலி வேலை செய்யும் பெண்ணுக்கு முடிந்தவரை அவளுடைய சொந்தத் திசுவும் கொழுப்புமே நல்லது. சிலிக்கான் பை ஆயுள் முழுவதற்குமானது அல்ல. அதைச் சுற்றி உடம்பு கட்டும் உறை இறுகிப்போகலாம், பை கிழியலாம்; பல வருஷம் கழித்து மாற்ற வேண்டிவரும். அப்போது அவள் எந்த ஊரில் இருப்பாளோ, கையில் பணம் இருக்குமோ? சொரசொரப்பான மேற்பரப்புள்ள சில பைகளைச் சுற்றி ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் அபூர்வமாக வருவது தெரிந்து, 2019-ல் ஒரு பெரிய கம்பெனி அவற்றை உலகம் முழுவதும் விற்பனையிலிருந்து திரும்பப் பெற்றது. பை வைக்கவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. சிலருக்கு வேறு வழி இராது. ஆனால் வைத்தால் அவளைப் பல வருஷத்துக்கு விடாமல் பார்க்கும் பொறுப்பும் அந்த மருத்துவமனைக்கு வந்துவிடுகிறது.

மற்ற ஆபரேஷன்களைப்போல் இதிலும் ரத்தம் கட்டுதல், கிருமித் தொற்று, காம்பில் உணர்ச்சி குறைதல் ஆகியவை நேரலாம். நம்மவர்களின் தோலில் தழும்பு தடித்து மேடாவது அதிகம். பழைய அடி மடிப்பின் கோடு மறையாமல் நிற்கலாம். இரண்டு பக்கமும் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாகிவிடும் என்று எந்த மருத்துவரும் வாக்குக் கொடுக்க முடியாது. சுடிதாரோ சேலையோ சாதாரணமாக உடுத்தி, துணியைத் திணிக்காமல் நடமாட முடியும் என்பதுதான் எதிர்பார்க்க வேண்டியது. பெரும்பாலான பெண்கள் கேட்பதும் அவ்வளவுதான். தழும்பு அடங்க ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் ஆகும். பெண் பார்க்க வருகிற தேதிக்குள் முடித்துக் கொடுங்கள் என்று அவசரப்படுத்தும் பெற்றோரிடம் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தப் பெண் மட்டும் தீர்மானிக்கட்டும், வரப்போகிற மாப்பிள்ளை அல்ல.

இது அழகுக்காகவா?

2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பகச் சீரமைப்புக்கென்று ஒரு இலவசப் பிரிவைத் தமிழக அரசு தொடங்கியது. புற்றுநோயால் மார்பகத்தை இழந்தவர்களுக்கு அங்கே முன்பே சீரமைப்பு செய்துவந்தார்கள். இப்போது அளவாலும் வடிவத்தாலும் சிரமப்படும் ஏழைப் பெண்களுக்கும் வழி திறந்தார்கள். அன்று சுகாதார அமைச்சராக இருந்த விஜயபாஸ்கர் சொன்ன காரணம் இது: அரசு செய்யாவிட்டால் இவர்கள் பெரிய கடன் வாங்குவார்கள், அல்லது ஆபத்தான வழிகளைத் தேடிப்போவார்கள். உடனே எதிர்ப்பும் வந்தது. உயிர்காக்கும் சிகிச்சைக்கே பணம் போதாதபோது இது எதற்கு என்று பொது சுகாதாரத் துறையில் அனுபவமுள்ளவர்களே கேட்டார்கள். வெளிநாட்டுப் பத்திரிகைகள்வரை இந்தச் செய்தி போயிற்று.

எதிர்த்தவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. காசநோய் மருந்துக்கும் பிரசவ வார்டில் ரத்தத்துக்கும் முதலிடம் கொடுக்கத்தான் வேண்டும். இருக்கிற அளவை இன்னும் பெரிதாக்க வேண்டும் என்று வருகிறவருக்குத் தருமப் பணத்தில் ஆபரேஷன் செய்ய நாங்களும் சம்மதிக்க மாட்டோம். ஆனால் வளர்ச்சியிலேயே நேர்ந்த ஒரு குறையைச் சரிசெய்வது அதுவல்ல. உதட்டுப் பிளவைத் தைக்கும்போது அழகுக்கா என்று யாரும் கேட்பதில்லை. ஆறு விரல் குழந்தையின் கூடுதல் விரலை எடுக்கும்போதும் கேட்பதில்லை. மார்பகம் உடைக்குள் மறைந்திருப்பதால் மட்டும் இந்தக் குறை சிறியதாகிவிடுமா?

மிஷன் மருத்துவமனைகளுக்கு இந்தக் கேள்வி புதிதும் அல்ல. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் 1948-ல் தொழுநோயாளியின் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் ஆபரேஷனைத் தொடங்கினார். கை வேலை செய்யத் தொடங்கியது. ஆனால் வேலை கொடுக்க ஆள் இல்லை. அமுங்கிய மூக்கையும் முடி உதிர்ந்த புருவத்தையும் பார்த்தவுடனே ஜனங்கள் விலகினார்கள். ஆகவே வேலூரில் மூக்கையும் சரிசெய்தார்கள். தலைமுடியுள்ள தோலை எடுத்துப் புருவமும் வைத்தார்கள். புருவம் இல்லாததால் ஒருவரும் சாவதில்லை. ஆனாலும் அந்தப் புருவம் இல்லாமல் நேரான கைக்கு அரிசி கிடைக்கவில்லை. அந்த நாளிலும் ஆதரவாளர்களின் பணத்தில்தான் அந்த வேலை நடந்தது.

பணம் எங்கே போகிறது?

ஆபரேஷன் செலவு ஒரு பங்குதான். பிளாஸ்டிக் சர்ஜன் திருப்பூரிலேயே கிடைக்காவிட்டால் கோயம்புத்தூருக்கு அலைய வேண்டும். ஒன்றிரண்டு நாள் வார்டில் இருந்தபின் ஏறக்குறைய இரண்டு வாரம் ஓய்வு வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் பண்டல் தூக்கக் கூடாது, கையை உயர்த்திப் பாரம் எடுக்கக் கூடாது. பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவளுக்கு அத்தனை நாளும் வருமானம் கிடையாது. இ.எஸ்.ஐ. அட்டை இருந்து, அவர்களுடைய மருத்துவர் சான்று கொடுத்தால், நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். வருஷத்தில் 91 நாள் வரைக்கும் அதைப் பெறலாம். சந்தா கட்டிய நாட்கள் போதுமான அளவு இருக்க வேண்டும். அட்டையை வாங்கி மறந்துவிட்ட பெண்கள் நிறையப் பேர். விடுதிப் பெண்களைச் சந்திக்கப் போகும் சங்கத்தார் இதை நினைவுபடுத்தலாம். அட்டையே இல்லாத, காண்டிராக்டில் இருக்கிற பெண்களுக்குத்தான் நீங்கள் அனுப்புவது பஸ் கட்டணமாகவும் அந்த மாத அறை வாடகையாகவும் போய்ச் சேர வேண்டியிருக்கிறது.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். கண் ஆபரேஷனுக்கும் உதட்டுப் பிளவுக்கும் முன்னும் பின்னும் எடுத்த படங்களை நன்கொடை இதழ்களில் போடுவது வழக்கம். இதற்குப் போட முடியாது. யாருக்கு உதவி சென்றது, எந்தக் கம்பெனி, எந்த ஊர் என்பதையும் எழுத முடியாது. நன்றிக் கடிதமும் வராது. கொடுத்த பணத்துக்கு ரசீதும் கணக்கும் மட்டும் வரும்.

ஆபரேஷன் வேண்டாம் என்கிற பெண்களும், 18 வயது ஆகக் காத்திருக்கிற பெண்களும் அதிகம். ஆபரேஷனைவிட ஒரு நல்ல பஞ்சுத் திண்டு பலருக்கு அதிக உபயோகம். கடையில் விற்பது ரப்பரும் சிலிக்கானும். விலை அதிகம், வெயிலில் வேர்க்கும். தையல் தெரிந்த நம் சங்கத்துச் சகோதரிகள் இதைச் செய்துதர முடியும். புதிய, சாயம் போகாத, மெல்லிய பருத்திப் பின்னல் துணி வேண்டும். வெள்ளை அல்லது தோல் நிறம். கட்டிங் மிச்சத்தில் பெரிய துண்டுகள் கிடைக்கும். துவைத்துப் போட்டபின் வெட்டுங்கள். பின்பக்கம் தட்டையாகவும் முன்பக்கம் குவிந்தும் இருக்கும்படி இரண்டு துண்டாகத் தைத்து, துவைத்தால் கட்டி தட்டாத பாலியெஸ்டர் பஞ்சை நிரப்பவும். மடிப்பு உள்பக்கம் வந்தால் தோலை உறுத்தாது. ஒவ்வொருவருக்கும் அளவு வேறு. ஆகவே பின்பக்கத்தில் இரண்டு விரல் நுழையும் அளவு திறப்பு விட்டு, அதன்மேல் ஒரு மடிப்பு வைத்து மூடுங்கள். பஞ்சைக் கூட்டுவதையும் குறைப்பதையும் அவளே பார்த்துக்கொள்வாள்.